சுங்கை சிப்புட்டில் தலைவலிக்கு நிதானமாகச் சிகிச்சை தரும் ஒரு கிளினிக்

வலி மாத்திரையும் ஒருநாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சான்றும்) கொடுத்து அனுப்பிவிடாமல், தலைவலிக்காரரை உட்காரவைத்து விசாரிப்பதால்தான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவரிசையில் உள்ள இந்தச் சிறிய கிளினிக்கைப் பரிந்துரைக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் என் அக்காளை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். வலி ஒரு பக்கமா இரு பக்கமா, தெறிக்கிறதா இறுக்குகிறதா, நடமாடினால் கூடுகிறதா, குமட்டல் உண்டா, வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடிகிறதா என்று மருத்துவர் தமிழிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டார். 4 முதல் 72 மணி நேரம் வரை நீடித்து, குமட்டலோடு ஆளைப் படுக்கவைத்துவிடும் தெறிப்பு மைக்ரேன் என்றும், தலைவிளக்குப் பட்டையை இறுக்கிக் கட்டியதுபோல் இரு பக்கமும் அழுத்துவது இறுக்கத் தலைவலி என்றும், அக்காளுக்கு இரண்டுமே இருப்பதாகவும் விளக்கினார்.

இரத்த அழுத்தம், கண், கழுத்து, கைகால் வலு எல்லாவற்றையும் சோதித்த பிறகே ஸ்கேன் இப்போது தேவையில்லை என்றார். திடீரென உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, இவற்றில் எது வந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்.

"மாசத்துல எத்தனை நாள் பனடோல் போடுறீங்க, அக்கா?" என்ற கேள்விதான் முக்கியமானது. மளிகைக் கடை நாள்காட்டியில் அக்காள் பேனாவால் போட்டிருந்த புள்ளிகளை அவர் விரல் வைத்து எண்ணினார். பாதி மாதத்துக்கும் மேல் வந்தது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கும் கூடுதலாகச் சாதாரண வலி மாத்திரையை விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பதை இவ்வளவு பொறுமையாக எங்களுக்கு எவரும் சொன்னதில்லை. நிறுத்தினால் முதலில் வலி கூடும், பிறகே தணியும் என்றும் எச்சரித்தார்.

தடுப்பு மருந்தாகப் புரோப்ரனலோலை எண்ணியவர், அக்காளுக்கு ஆஸ்துமா இருப்பதை அறிந்து அதைத் தவிர்த்து, குறைந்த அளவு அமிட்ரிப்டிலினைக் கொடுத்தார். விடியுமுன் எழும் வேலை என்பதால், காலையில் தூக்கக் கலக்கம் இராதபடி அதை அந்தியிலேயே சாப்பிடச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

மருந்துப் பையில் மலாயும் ஆங்கிலமும் மட்டுமே இருப்பது பெரிய குறை. தோட்டத்து முதியவர்களுக்காகத் தமிழிலும் எழுதித் தர வேண்டும். காத்திருப்பும் நீளம். அரசாங்க கிளினிக்கின் 1 ரிங்கிட்டோடு ஒப்பிட்டால் கட்டணம் அதிகம்தான், ஆனாலும் அந்த விசாரிப்புக்கு அது தகும்.