சென்னை வெயிலில் 60 லிட்டர் பவளத் தொட்டி: மூன்று கோடைகளின் கணக்கு

தொட்டி 60×30×35 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் 63 லிட்டர். பாறை, 3 செ.மீ. மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 50 லிட்டர்தான். 63 என்று வைத்து உப்பும் சோடாவும் போட்டால் ஒவ்வொரு முறையும் கால் பங்கு கூடுதலாக விழும். கீழே வரும் அளவுகள் எல்லாம் அந்த 50 லிட்டருக்கு. பின்பக்கம் தொங்கும் ஃபில்டர், நீரோட்டம் உண்டாக்கும் ஒரு சின்ன வேவ்மேக்கர், எல்.இ.டி. விளக்கு, ஆவியான தண்ணீரைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப்-ஆஃப். அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் இல்லை. உள்ளே ஒரு ஜோடி கிளவுன் மீன்; பவளங்களில் சோவாந்திட், மஷ்ரூம், ஒரு லெதர்.

பவளம் சுருங்கி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரிஃப்ராக்டோமீட்டரை, அதாவது ஒளிவிலகலை வைத்து உப்பின் அளவைக் காட்டும் கருவியை. விலை குறைந்த கருவியை ஆர்.ஓ. தண்ணீர் விட்டுப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் வழக்கம். பூஜ்யத்தில் சரியாக நிற்கிற கோடு, கடல்நீரின் அளவான 35 பிபிடியில் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) தடுமாறலாம். தவிர, இவற்றில் பல சாதா உப்புக் கரைசலுக்கு அளவுகோல் போட்டவை. 35 பிபிடி கடல்நீரை அவை 36.5 என்று காட்டும். அதைப் பார்த்து நாம் தண்ணீர் ஊற்றி இறக்குவோம். தொட்டி மாதக்கணக்கில் உப்புக் குறைவாகவே ஓடும்.

சரிபார்க்கும் திரவத்தை வீட்டிலேயே செய்யலாம். 0.1 கிராம் துல்லியமுள்ள தராசில் 36.5 கிராம் தூள் உப்பு, அதோடு 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீர். ஒளிவிலகலில் இது 35 பிபிடி கடல்நீருக்குச் சமம். கல்லுப்பு வேண்டாம், அதில் ஈரம் இருக்கும், எடை பொய் சொல்லும். இரண்டு சொட்டு விட்டு, மூடியை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்கினால் குமிழி சிக்காது. அரை நிமிடம் விட்டுப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35-இல் இல்லையென்றால் அங்கே திருகி நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை போதும். இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும். மிதவை ஹைட்ரோமீட்டருக்கும் மின்கடத்துதிறன் மீட்டருக்கும் கணக்கு வேறு.

உப்பு மூன்று புள்ளி (3 பிபிடி) குறைவு என்று தெரிந்தால் அன்றே ஏற்றிவிடத் தோன்றும். ஒரு நாளைக்கு ஒரு புள்ளிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆவியான 1.5 லிட்டருக்கு ஈடாக நல்ல தண்ணீருக்குப் பதில் 35 பிபிடி உப்புத் தண்ணீரை ஊற்றினால் ஏறத்தாழ ஒரு புள்ளிதான் ஏறும். மூன்று நாளில் வேலை முடிந்தது.

அடுத்தது தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. மெஷின் குடிப்பதற்குச் செய்தது. மெம்பிரேனைத் தாண்டியதும் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சம் கலக்க ஒரு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) திருகு, ஒரு மினரல் கார்ட்ரிட்ஜ், சில மாடல்களில் செம்பு கார்ட்ரிட்ஜ் வேறு. செம்பு நமக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். மெம்பிரேனிலிருந்து வெளியே வரும் குழாயில் ஒரு 'டி' இணைப்புப் போட்டு, இவை எதையும் தொடாமல் தண்ணீரை எடுங்கள். 800 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீர் நல்ல மெம்பிரேனில் 40-க்குப் பக்கத்தில் வரும். மிச்சத்தை, கரைந்த அயனிகளை நீக்கும் டி.ஐ. ரெசின் பிடிக்க வேண்டும். தொட்டிக்குள் போவது பூஜ்யமாக இருக்க வேண்டும். மெஷின் ஓட ஆரம்பித்ததும் வரும் முதல் இரண்டு லிட்டரில் டி.டி.எஸ். எகிறி இருக்கும். அதை ரெசினுக்கு விடாமல் பிடித்துச் செடிக்கு ஊற்றினால் ரெசின் கூடுதல் நாள் வரும். ரெசின் தீரும்போது முதலில் கசிவது சிலிகேட், அதை டி.டி.எஸ். மீட்டர் லேசில் காட்டாது. மீட்டர் 1 காட்டிய அன்றே மாற்றிவிடுவது நல்லது. கேன் தண்ணீரை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கேனும் ஒரு மாதிரி.

தொட்டிக்கான கடல் உப்புத் தூள் கலக்க லிட்டருக்கு 37 கிராம். வாரம் 5 லிட்டர் மாற்ற 185 கிராம். தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும். ஐப்பசி மழையில் வாளி மூடி சரியாக இல்லாமல் கட்டி தட்டிய உப்பில் எடைக் கணக்கும் போகும், காரத்தன்மையும் போகும்.

கோடைக்கு வருவோம். தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் உடம்பில் குடியிருக்கும் பாசியை வெளியேற்றி வெளுக்கும். தண்ணீர்மேல் காற்று வீசும் சின்ன ஃபேன்தான் மலிவான வழி என்பார்கள். மதுரை, கோவை மாதிரி வறண்ட காற்றில் அது நன்றாக உழைக்கும். சென்னையில் அறை 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் ஆவியாதலால் இறங்கக்கூடிய எல்லையே 28 டிகிரி; நடைமுறையில் 29-ஐத் தொடுவதே பெரிது. ஃபேன் பழுது என்று மாற்றிப் பிரயோஜனமில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் ஏ.சி. அறை அல்லது தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், வேறு வழி கிடையாது. விளக்கை மாலை 4 முதல் இரவு 12 வரை எரியவிட்டால் மதியச் சூட்டோடு விளக்கின் சூடும் சேராது. கரன்ட் போன அவசரத்துக்கு, உறைந்த அரை லிட்டர் பாட்டில் ஒன்று 50 லிட்டரில் ஏறத்தாழ ஒரு டிகிரி இறக்கும். ஒரே நேரத்தில் இரண்டு போடாதீர்கள். முட்டை இன்குபேட்டருக்கு விற்கும் எஸ்.டி.சி.-1000 வெப்பநிலைக் கன்ட்ரோலர் ஃபேனுக்கு அருமையாகப் பொருந்தும்: 27 டிகிரி, வித்தியாசம் 0.5.

ஃபேன் ஓடினால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் போகும். உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் போகும். இரண்டு நாள் ஊருக்குப் போனால் 35 என்பது 37-ஐத் தாண்டும். ஆகவே ஆட்டோ டாப்-ஆஃப் இந்த அளவில் ஆடம்பரம் அல்ல. ஆனால் மூன்று வருடத்தில் அதிகம் ஏமாற்றியதும் அதுதான். மிதவை சுவிட்சில் நத்தை ஏறி உட்காரும், உப்புப் பூத்து ஒட்டிக்கொள்ளும். ஒளி சென்சாரில் பாசி படிந்தால் தண்ணீர் இருந்தும் இல்லை என்று சொல்லி பம்ப்பை ஓட்டும். சென்சாரை மாதம் ஒரு முறை வினிகரில் துடையுங்கள். அதைவிட முக்கியம், அதன் தண்ணீர் டப்பா 5 லிட்டருக்கு மேல் வேண்டாம். முழுவதும் உள்ளே கொட்டினாலும் உப்பு 31.8-இல் நிற்கும், உயிர்கள் தப்பும். 20 லிட்டர் கேனை வைத்தால் தப்பாது.

பழுப்புப் படலம்தான் பலரைத் தொட்டியையே விற்க வைக்கிறது. புதுத் தொட்டியில் மணல்மேல் தூசி மாதிரி படிந்து, விரலால் தட்டினால் கலைவது டயாட்டம் என்ற நுண்பாசி, தானே போகும். அரக்கு நிறத்தில் தோல் மாதிரி உரிந்து வருவது சயனோ (சயனோபாக்டீரியா). டைனோ (டைனோஃபிளஜெலேட் என்ற நுண்ணுயிர்) வேறு ரகம். காலையில் மணல் சுத்தமாக இருக்கும். விளக்கு எரிந்து நாலைந்து மணி நேரத்தில் சளி போன்ற நூல்கள், நுனியில் எல்லாம் காற்றுக்குமிழி. அதைத் தின்ற நத்தைகள் கவிழ்ந்து கிடக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையை உறிஞ்சி சின்ன பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூலாகத் திரண்டால் டைனோ.

டைனோ அழுக்கால் வருவதில்லை. பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ.வை (இரும்பு ஆக்சைடு துகள்) அள்ளிப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமான தொட்டியில்தான் பெரும்பாலும் வரும். போட்டிக்கு இருந்த பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் போய்விட இது இடத்தைப் பிடிக்கும். பார்த்ததும் இன்னும் தண்ணீர் மாற்றுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், ஜி.எஃப்.ஓ.வை எடுங்கள், தீனியைக் கூட்டுங்கள். 0.16 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் 50 லிட்டரில் நைட்ரேட்டை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஏற்றும். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை வந்து நிற்கட்டும். பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் பார்த்துக் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஓரிடத்தில் சுழன்றால் ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற டைனோ வகை. இரவில் தண்ணீருக்குள் வரும் என்பதால் யு.வி. விளக்கு பிடிக்கும். மணலைவிட்டு வராத இன்னொரு வகையான ஆம்ஃபிடினியத்துக்கு யு.வி. தண்டச்செலவு. டைனோவின் விஷத்தை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பன் 50 கிராம் ஓடட்டும். தீர வாரக்கணக்கு ஆகும்.

இந்த அளவுகளைப் பார்க்க சொட்டு மருந்து பாஸ்பேட் கிட் உதவாது, 0.03-க்கும் பூஜ்யத்துக்கும் உள்ள நீல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஹன்னா செக்கர் என்ற மின்னணு அளவுமானியில் பணம் போட்டது வீண் போகவில்லை. பாஸ்பரஸைப் பிபிபியில் (நூறு கோடியில் இத்தனை பங்கு) காட்டும் மாடல் என்றால் எண்ணை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 16 காட்டினால் பாஸ்பேட் 0.05.

காரத்தன்மை 8, 9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) போதும். ஒரு புள்ளி ஏற்ற 1.5 கிராம் ஆப்பசோடா, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து மெதுவாக. ஒரு நாளைக்கு ஒரு புள்ளி, அதற்கு மேல் இல்லை. பேக்கிங் பவுடர் வேறு பொருள்.

எல்லா அளவும் சரி, ஆனாலும் இறால் துள்ளித் துள்ளிச் சாகிறதா? அறையில் கொசுவத்தியோ திரவக் கொசுவிரட்டியோ எரிகிறதா என்று பாருங்கள். அவற்றில் உள்ள பைரெத்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. ஏர் பம்ப் அதை நேராகத் தண்ணீருக்குள் இழுத்துவிடும். பம்ப்பை வேறு அறையில் வையுங்கள். ஏ.சி. போட்டு மூடிய படுக்கையறையில் காலை பி.எச். 7.8-க்குக் கீழே போவதும் காற்று சம்பந்தப்பட்டதே, பி.எச். பவுடர் வாங்குமுன் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சோவாந்திட் ஒட்டிய பாறையைச் சுடுதண்ணீரில் போடவே கூடாது. அதிலுள்ள பாலிடாக்சின் என்ற நஞ்சு ஆவியோடு வந்து ஆளையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். ராமேஸ்வரம், மண்டபம் கரையிலிருந்து பவளப்பாறை கொண்டுவருவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வறண்ட பாறையும் பொறுமையும் அதே வேலையைச் செய்யும்.

லெதர் பவளம் சுருங்கி, மேலே மெழுகு பூசியது போலப் பளபளத்து, ஒரு வாரம் தலை நீட்டாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, தோல் உரிக்கிறது. வேவ்மேக்கரை அதன் பக்கம் கொஞ்சம் திருப்பி, படலம் பறந்து போகவிட்டு, கையைத் தொட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.