கிரிப்டோவில் நிதி திரட்டி ஒரு வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினோம்: அந்தத் தளம் எப்படி?

கிரிப்டோ நாணயத்தில் நிதி திரட்டித் தரும் ஒரு தளத்தை மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். பணம் சேர்த்துக் கொடுப்பதில் அருமை. சேர்ந்த பணத்தை ஒரு ஏழை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில் ரொம்பவே பின்தங்கி இருக்கிறார்கள். ஒரு சின்னத் தொகை இன்னும் அவர்களிடம் நிற்கிறது, அதனால் பெயரைப் போடவில்லை.

முதலில் யாருக்காக என்று சொல்லிவிடுகிறேன். மகாதேவபுரா பக்கம் எங்கள் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் அக்கா, கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். பெங்களூர்த் தமிழர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு மாரிக்குப்பம் ரயில்தான் சோறு போடுகிறது. அக்காவின் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். கணவர் இல்லை. எட்டாவது படிக்கும் மகள், கண் சரியாகத் தெரியாத மாமியார், அவ்வளவுதான் வீடு.

வாசலில் குழாய் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்ல முடியாது, வாட்டர்மேன் வால்வைத் திறந்ததும் குழாயில் காற்று உஸ்ஸென்று சீறும், அந்தச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும். அந்த நேரத்தில் அக்கா பங்காருபேட்டை தாண்டி ரயிலில் இருப்பார். மாமியாரால் குடம் தூக்க முடியாது. அதனால் "இன்னைக்கு விடுவாங்களாம்" என்று தெருவில் பேச்சு கிளம்பினாலே அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகாது, ஒரே மாதத்தில் ஆறு நாள் அப்படிப் போயிருக்கிறது. பிடித்து வைப்பது பதினாலு குடம், ஒரு டிரம். நாலைந்து நாளில் தீர்ந்துவிடும். மிச்ச நாளுக்கெல்லாம் காசு கொடுத்துத்தான் தண்ணீர்.

எனக்கு முதலில் தோன்றியது போர்வெல். அங்கே ஆயிரம் அடிக்கு மேல் போட்டும் புகைதான் வந்தது என்று சொல்லும் வீடுகள் நிறைய, அனுமதி வேறு வாங்க வேண்டும், செலவோ லட்சக்கணக்கில். அதே தெருவில் இருக்கும் மேஸ்திரி ஒருவர்தான் என்னைத் திருத்தினார். "தண்ணி வராம இல்ல தம்பி, வர்றப்ப புடிச்சு வைக்க இவங்களுக்கு எடம் இல்ல" என்றார். நாலடி அகல சிமெண்ட் ரிங் பத்து இறக்கி ஒரு சம்ப் (நிலத்தடித் தொட்டி), யாரும் இல்லாவிட்டாலும் தானாக நிரம்ப ஒரு மிதவை வால்வு, அரை ஹெச்பி மோட்டார், மேலே ஒரு சின்ன சின்டெக்ஸ், கூரைத் தகட்டிலிருந்து மழைத் தண்ணீர் இறங்க ஒரு பிவிசி குழாய். 46,000 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பதில்லை என்று அவரே முதலில் சொன்னார், அது பக்கத்து வீட்டுக்காரர் வாயில் மண் போடும் வேலை.

ஏன் கிரிப்டோ? என் காலேஜ் நண்பர்கள் சிங்கப்பூர், துபாய், டொரண்டோ என்று சிதறிக் கிடக்கிறார்கள், பாதிப் பேர் கையில் கொஞ்சம் யுஎஸ்டிடி, அதாவது டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் கிரிப்டோ நாணயம், இருக்கிறது. பத்து டாலர், இருபது டாலர் அனுப்ப வங்கிக்குப் போகிறவர் யார்? இந்தத் தளத்தில் ஒரு கியூஆர் கோடு, அவ்வளவுதான். ஒன்பதே நாளில் 31 பேர் சேர்ந்து 560 டாலர் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வரவும் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால் ஒருவர்கூட என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. ஊரில் கோயில் வசூலுக்கு நோட்டுப் போட்டு எழுதி அலைந்தவன் நான், இந்த நிம்மதியின் அருமை எனக்குத் தெரியும்.

560 என்று நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வரும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி, 2022-லிருந்து கிரிப்டோவும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆடிட்டர் நண்பர் சொல்லித்தான் எனக்கே தெரியும். தளத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பற்றியும் ஒரு வரி கிடையாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் அங்கிருந்து அனுப்பினால் பொதுவாக அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, ஆனால் பெயர் போடாமல் கொடுப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று யார் சொல்வது? 2021-இல் கோவிட் நேரத்தில் பாலிகான் கிரிப்டோ நிறுவனர்களில் ஒருவரான சந்தீப் நெய்ல்வால் தொடங்கிய நிதிக்கு, எத்தீரியம் கிரிப்டோவை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டெரின் ஷிபா இனு நாணயத்தை மலை மலையாகக் கொடுத்தபோது, அதை நாட்டுக்குள் செலவழிக்க அவர்களே இந்தச் சட்டத்தை ஒட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. நாங்கள் பெயரில்லாத நன்கொடையை மூடிவிட்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் இணைப்பை அனுப்பினோம். அந்த வசதி தளத்தில் இருக்கிறது, ஆனால் நாலு திரை உள்ளே ஒளிந்திருக்கிறது.

இனி குறைகள். ஒரே நாணயம் பல நெட்வொர்க்குகளில், அதாவது தனித்தனி வழித்தடங்களில், போகும். துபாய் நண்பர் ஒருவர் தளம் பார்க்காத வேறு நெட்வொர்க்கில் 20 டாலர் அனுப்பிவிட்டார். முகவரி இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் போய்ச் சேர்ந்ததாகவே அவருக்குக் காட்டியது, தளத்தில் மட்டும் வரவில்லை. பணம் தளத்தின் வாலட்டில் (கிரிப்டோ பணப்பையில்) தான் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது, எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. இதில்லாமல்தான் அந்த 560. கியூஆர் கோடுக்குக் கீழே "இந்த நெட்வொர்க்கில் மட்டும் அனுப்புங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் முடிந்தது.

அடுத்தது பாதிப் பாதியாகக் கொடுக்கும் முறை. முதல் பாதி உடனே, குழி வெட்டிய படம் ஏற்றிய பிறகு மறுபாதி. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க இது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரிங் கொடுப்பவரும் மோட்டார் கடைக்காரரும் முழுக் காசு வைத்தால்தான் வண்டியில் ஏற்றுவார்கள். தளம் படத்தைப் பார்த்துச் சரி சொல்ல எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் மழை வந்து வெட்டின குழியின் ஒரு பக்கம் சரிந்தது. நான் கைக்காசு 15,000 போட்டு வேலையை ஓட்டினேன். அப்படிப் போட ஆள் இல்லாத குடும்பம் என்ன செய்யும்?

நாணயத்தை ரூபாயாக்குவது தனிக் கதை. நேரடியாக ஆளுக்கு ஆள் விற்றால் நல்ல விலை கிடைக்கும், ஆனால் வாங்குகிறவர் அனுப்பும் பணம் எங்காவது மோசடியில் மாட்டியிருந்தால் அக்காவின் வங்கிக் கணக்கை முடக்கிவிடுவார்கள், சம்பளம் வருவதே அந்தக் கணக்கில்தான். அந்த ஆபத்து வேண்டாமென்று கிரிப்டோ வாங்கி விற்கும், பதிவு பெற்ற ஒரு எக்ஸ்சேஞ்சில் அக்கா பெயரிலேயே கணக்குத் தொடங்கினோம். ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. நம் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கும் தொல்லைதான். கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை ஷிஃப்ட் முடிந்து ஆபீஸ் பேன்ட்ரியில் நின்று, "கண் சிமிட்டுங்கள், இடது பக்கம் திரும்புங்கள்" என்று போன் சொல்லச் சொல்ல அக்கா செய்தார். ஆறரை மணி ரயிலுக்கு நேரமாகிறதே என்ற பதற்றம் அந்தப் படத்திலேயே தெரியும். தளத்துக் கட்டணம் 4 சதவீதம், விற்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரியான டிடிஎஸ் 1 சதவீதம், எக்ஸ்சேஞ்ச் கமிஷன் எல்லாம் போக 46,500 சொச்சம் கையில் வந்தது. அந்த டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்க அக்கா வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், செய்து கொடுப்போம்.

நான் இரண்டு மதிப்பெண் குறைத்ததில் பாதி இதற்காக: மூன்றாவது நாள் தளத்திலிருந்து ஒரு மெயில், "மகள் காலிக் குடத்துடன் நிற்கும் படம் போட்டால் நன்கொடை கூடும்" என்று. நான் போடவில்லை. அந்தப் பெண் வகுப்பில் எல்லோருடனும் உட்கார்ந்து படிக்கிற பெண், அதன் முகத்தை உலகத்துக்கே காட்டித் தண்ணீர் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. குழாய், குழி, ரிங், மேஸ்திரியின் கணக்குச் சீட்டு, இவ்வளவுதான் போட்டேன். அதற்கே பணம் சேர்ந்தது.

தொட்டி முடிந்து முதல் தண்ணீர் ராத்திரி இரண்டரைக்கு வந்திருக்கிறது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காலையில் மகள் மூடியைத் தூக்கிப் பார்த்து நாலு ரிங் தண்ணீர் என்று அக்காவுக்குப் போன் செய்தாள், அக்கா ரயிலிலிருந்து எனக்குப் போன் செய்தார். நாலு ரிங் என்றால் 1,400 லிட்டர், முன்பு பிடித்ததைப் போல மூன்று மடங்கு. 300 சதுர அடிக் கூரை என்பதால் பத்து மில்லிமீட்டர் மழைக்கு இருநூறு லிட்டருக்குக் குறையாமல் இறங்குகிறது, அதைத் துணிக்கும் பாத்திரத்துக்கும் வைத்துக்கொள்கிறார்கள்.

செய்ய நினைப்பவர்களுக்கு: கிரிப்டோ வைத்திருக்கும் நண்பர் வட்டம் உங்களுக்கு இருந்தால் இந்த வழியில் போகலாம். ஆனால் பக்கம் தொடங்கும் முன்பே குடும்பத்தின் ஆதார், பான் இரண்டிலும் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள், ஓர் ஆடிட்டரிடம் பேசுங்கள், ஒரு சின்ன முன்பணம் கையில் வைத்திருங்கள். எல்லாரும் உள்ளூரில் இருந்தால் இது வேண்டவே வேண்டாம், யுபிஐ போதும்.

அந்த 20 டாலருக்காக இன்றைக்கும் ஒரு மெயில் போட்டேன். வந்தால் சம்ப் மூடிக்கு ஒரு பூட்டும், ஒரு வருஷத்துக்கு பிளீச்சிங் பவுடரும் வாங்க வேண்டும் என்று அக்கா எழுதி வைத்திருக்கிறார்.