ஈலமிய உருளை முத்திரை: மாக்கல்லா, சால்செடோனியா?

பண்டைய ஈலம் நாட்டின் (இன்றைய தென்மேற்கு ஈரான்) நகரான சூசாவில் கிடைத்த, களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் முத்திரைகளைப் போல ஒன்றைச் செதுக்கிப் பார்க்க நினைப்பவர்கள் கல்லைத் தேர்வதிலேயே தயங்கிவிடுகிறார்கள்.

கடினம்: மாக்கல் மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டுவது) ஏறக்குறைய 1, எஃகு ஊசியே போதும். குவார்ட்சு வகைக் கல்லான சால்செடோனி 7-ஐ நெருங்கும். செம்புத் துளைக்கருவியோடு எமரித் தூளும் (கல்லைத் தேய்க்கும் கடினமான கனிமத் தூள்) நீரும் வேண்டும்.

துளை: எந்தக் கல்லானாலும் உருவம் செதுக்குவதற்கு முன்பே, இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கித் துளையிடுங்கள். ஒரே பக்கமாகப் போனால் மறுமுனை சில்லாகப் பெயர்ந்துவிடும்.

தேய்மானம்: மாக்கல்லின் கோடுகள் சீக்கிரம் மழுங்கும். சூளையில் நன்றாகச் சுட்டால் இறுகும். சூசாவின் பழைய முத்திரைகள் சில அப்படிச் சுடப்பட்டவையே. வெப்பத்தை மெல்ல ஏற்றாவிட்டால் விரிசல்தான்.

கை பழகவும் விலங்கு வரிசைக்கும் மாக்கல். பல்லாண்டு கூர்மை குறையாத ஆப்பெழுத்து (ஆப்பு வடிவக் கோடுகளாலான பண்டைய எழுத்து) வரி வேண்டுமா, சால்செடோனி. எழுத்தை இடவலம் மாற்றி வெட்டுங்கள். களிமண்ணில் உருட்டும்போதுதான் நேராகும்.