‘நீங்கள் எவ்வளவு சர்வாதிகாரி?’ முப்பது கேள்வி சோதனை: எழுதிப் பார்த்தவனின் விமர்சனம்

இலவசம், பத்து நிமிட வேலை, மின்னஞ்சல் கூடக் கேட்கவில்லை. அதனால் போன வாரம் எஃப் அளவுகோல் சோதனையை இணையத்தில் எழுதிப் பார்த்தேன். எஃப் என்றால் ஃபாசிசம்; சர்வாதிகாரத்துக்குச் சாயும் மனது ஒருவருக்கு எவ்வளவு என்று அளக்கப் பார்க்கும் சோதனை. அடோர்னோ, ஃப்ரெங்கல்-பிரன்ஸ்விக், லெவின்சன், சான்ஃபோர்ட் என்ற நான்கு ஆய்வாளர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றுக்காக உருவாக்கியது, 1950-ல் புத்தகமாக வந்தது. அவர்களில் முதல் இருவரும் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு போய் ‘உனக்கு ஹிட்லரைப் பிடிக்குமா’ என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? அதனால் அரசியல் வாடையே இல்லாத, வீட்டில் சும்மா பேசிக்கொள்கிற மாதிரியான வாக்கியங்களைக் கொடுத்து, ஒத்துக்கொள்கிறாயா இல்லையா என்று கேட்கிறார்கள்.

எனக்குப் பிடித்ததே அதுதான். பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது கீழ்ப்படிதலும் மரியாதையும்தான் என்று ஒன்று. இளவயதில் எதிர்த்துப் பேசலாம், வளர்ந்ததும் அடங்கிவிட வேண்டும் என்று இன்னொன்று. சட்டத்தையும் திட்டத்தையும் விட நாட்டுக்குத் தேவை நம்பிப் பின்னால் போகக்கூடிய நாலு தைரியமான தலைவர்கள் என்று வேறொன்று. இதில் எதையாவது இந்த மாதம் நீங்கள் சொல்லியிருப்பீர்கள், இல்லையென்றால் யாராவது சொல்லும்போது தலையாட்டியாவது இருப்பீர்கள். ஆறு பொத்தான்கள், மூன்று ஒத்துக்கொள்ள, மூன்று மறுக்க. நடுவில் ‘தெரியவில்லை’ என்று ஒதுங்க ஒரு பொத்தான் கிடையாது. அந்தத் தலைவர் கேள்வியில் என் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நல்ல தலைவர் வேண்டும் என்பதில் என்ன தப்பு, ஆனால் ‘சட்டத்தையும் விட’ என்ற துண்டு இடித்தது. அந்தத் துண்டைக் கவனிக்காமல் கடந்திருந்தால் ஆமாம் என்றுதான் அமுக்கியிருப்பேன்.

இனி குறைகள், நிறைய இருக்கின்றன. முப்பது வாக்கியங்களும் ஒரே பக்கம் சாய்ந்தவை, எதற்கு ஆமாம் என்றாலும் மதிப்பெண் ஏறும். நான் இரண்டாவது தடவை கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றுக்கும் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று அமுக்கினேன், கறுப்புச் சீருடை மாட்டாத குறையாக முடிவு வந்தது. எதற்கும் சரி சரி என்கிற சாதுவான மனிதர் இதில் ஃபாசிஸ்ட் ஆகிவிடுவார். கனடாவின் உளவியல் பேராசிரியர் ஆல்ட்டமேயர் 1981-ல் கொண்டுவந்த புதிய அளவுகோலில் பாதி வாக்கியங்களைத் திருப்பிப் போட்டு எழுதியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். இடதுசாரிப் பக்கத்திலும் இதே அதிகார வெறி உண்டே, அது ஏன் இந்த வலையில் சிக்கவில்லை என்று சமூகவியலாளர் எட்வர்ட் ஷில்ஸ் 1954-லேயே கேட்டுவிட்டார், நியாயமான கேள்வி. ஜோதிடம் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. தன் வாழ்க்கையை வெளிச் சக்தியிடம் ஒப்படைக்கிற மனம் தலைவனிடமும் ஒப்படைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு புரிகிறது, நம்பத்தான் முடியவில்லை. பக்கம் முழுக்க விளம்பரம் வேறு, அதை விடுங்கள்.

என் மதிப்பெண் 2.6. தாராளவாதி என்று பாராட்டிச் சொன்னது. அப்புறம் அப்பாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். கீழ்ப்படிதல் கேள்விக்கு, நான் முடிப்பதற்குள், “இதுல என்னடா கேள்வி இருக்கு, ஆமான்னு போடு” என்றார். ஜோதிடத்துக்கும் ஆமாம்தான். மொத்தம் 4.5. திரையைக் காட்டினேன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, பாஸ்தானே?” என்றார்.

இங்கேதான் எனக்குச் சோதனை மீது சந்தேகம் வந்தது. போன வருடம் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் செயலாளர் பதவிக்காலம் முடிந்தது. மனிதர் நன்றாக வேலை செய்கிறவர், தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்தவர். இப்போது எதற்குத் தேர்தல், ஒரு வருடத்துக்கு மட்டும் அவரே தொடரட்டும் என்று ஒரு தாள் வீடு வீடாக வந்தது. 2.6 வாங்கிய நான் வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டேன், இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. 4.5 வாங்கிய அப்பா போடவில்லை. “நல்லவர்தான், யாரு இல்லேன்னா? ஆனா விதியில தேர்தல்னு இருக்கு” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒழுங்கு, விதி, மரியாதை என்று அவரை 4.5-க்கு ஏற்றிய அதே குணம்தான் தாளில் கையெழுத்து விழாமல் தடுத்ததும்.

‘ஒரு வருடத்துக்கு மட்டும்’ என்ற வார்த்தை அன்று எனக்கு உறைக்கவே இல்லை. 1933 மார்ச் 23 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் ஹிட்லர் அரசுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கொடுத்ததும் நான்கு வருடத்துக்கு மட்டும் என்றுதான். ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அவைக்குள்ளேயே விடவில்லை. ஆதரித்தவர்களில் நாஜிகள் மட்டுமா இருந்தார்கள், கத்தோலிக்க மையக் கட்சியும் இருந்தது. மதம், குடும்பம், ஒழுங்கு என்று பேசிய, சாதாரண மனிதர்கள் ஓட்டுப் போட்ட கட்சி. அவர்களை அங்கே கொண்டுபோனதில் அந்த நம்பிக்கைகளுக்கும் பங்கு உண்டு, இப்போதைக்குத்தானே என்ற சமாதானத்துக்கும் பங்கு உண்டு. முதலாவதை இந்தச் சோதனை துருவித் துருவிக் கேட்கிறது. இரண்டாவதை ஒரு கேள்வியில் கூடத் தொடவில்லை. உனக்குப் பிடித்தவருக்காக எந்த விதியைத் தள்ளிவைப்பாய் என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் என் 2.6 அங்கேயே மாட்டியிருக்கும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். எழுதிப் பாருங்கள், ஆனால் தனியாக வேண்டாம், உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், மதிப்பெண்ணை விட நடுவில் வருகிற சண்டையில்தான் விஷயம் கிடைக்கும். கேள்விகளில் பழைய வாடை அடிக்கும், பாலியல் பற்றிய இரண்டொன்று இன்று படிக்கவே சங்கடமாக இருக்கும், பெரியவர்களிடம் படித்துக் காட்டுவதாக இருந்தால் முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

சங்கத் தேர்தல் கடைசியில் நடந்தது. அதே செயலாளர்தான் ஜெயித்தார். அப்பாவும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாராம்.