நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், பல்லைப் பாருங்கள்

மன்னார்குடியில் அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேம் ஆடுகிறவன் அநேகமாக நான் ஒருவன்தான். ‘காலேஜ் ஃபுட்பால் 25’ வந்தது 2024 ஜூலையில். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வைத்திருந்தால் ஆடலாம். எனக்கு மைதானத்தைவிட, டைனஸ்டியில், அதாவது ஒரு கல்லூரி அணியைப் பல சீசன் நாமே நடத்துகிற பகுதியில், பள்ளிப் பையன்களை நம் கல்லூரிக்கு இழுக்கிற வேலைதான் பிடித்துப்போனது.

ஒவ்வொரு பையனுக்கும் 1 முதல் 5 நட்சத்திரம். அது சந்தை மாட்டின் கொம்பில் அடித்த வர்ணம் மாதிரி. அப்பா மாடு வாங்கப் போனால் வர்ணத்தைப் பார்க்கவே மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிடுவார். இங்கே அதற்குப் பெயர் ஸ்கவுட்டிங். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று அளந்து கொடுக்கிறார்கள். செலவழிக்கச் செலவழிக்க வேகம், பலம் என்று எண்கள் திறக்கும். பச்சைக் கல் தெரிந்தால் யோகம். சிவப்புக் குறி என்றால் பையன் நட்சத்திரத்துக்குத் தேறமாட்டான்.

முதல் சீசனில் இதெல்லாம் தெரியாமல் ஒரு 4 நட்சத்திரக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) மேல் எல்லா மணி நேரத்தையும் கொட்டினேன். வந்த பிறகு பார்த்தால் சப்பை. அப்புறம் பச்சைக் கல்லோடு ஒரு 3 நட்சத்திரப் பையன் கிடைத்தான். நார்மல், இம்பாக்ட், ஸ்டார், எலைட் என்று வளர்ச்சியில் நாலு படி உண்டு, அவன் எலைட். இரண்டே சீசனில் எல்லாரையும் தாண்டிவிட்டான்.

அப்பா எட்டிப் பார்த்து, “யாருடா பையன்?” என்றார். டெக்சாஸ் என்றேன்.

“சுழி பார்த்தியா?”