2025 கல்லூரி அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தியும் ஆடும் ஆட்டம்) இறுதியாட்டத்தின் முழுப் பதிவு: ஓர் இணைய ஒளிபரப்புச் சேவை பற்றிய மதிப்புரை

2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் ஒஹாயோ ஸ்டேட் அணி நோட்டர் டேம் அணியை 34-23 என வென்ற ஆட்டத்தை இச்சேவையில் மீண்டும் பார்த்தேன். படம் மிகத் தெளிவாக இருந்தது. எட்டுப் புள்ளி இடைவெளிக்கு எதிரணி நெருங்கிவிட்ட நிலையில், பந்தைத் தக்கவைக்க இன்னும் 11 யார்டு முன்னேற வேண்டியிருந்த மூன்றாவது முயற்சியில் ஒஹாயோ ஸ்டேட்டின் வில் ஹோவர்ட் எறிந்த பந்தைப் பிடித்து ஜெரமையா ஸ்மித் 56 யார்டு பெற்றுத் தந்த காட்சி, இம்முறையும் என்னைச் சிலிர்க்க வைத்தது.

இணைப்பாகத் தரப்பட்ட அலசல்தான் ஏமாற்றம். பள்ளிப் படிப்பு முடிந்து மூன்றாண்டுகள் ஆகாதவர் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் பங்கேற்க இயலாது என்ற விதியைச் சொல்லாமலே, அப்போது முதலாண்டு மாணவராக இருந்த ஸ்மித்தின் எதிர்காலத்தை நெடுநேரம் பேசினார்கள். தான் எறிந்த முதல் 13 பந்துகளையும் சக வீரர்களிடம் தவறாமல் சேர்த்த ஹோவர்டையோ, அவரை அத்தேர்வின் ஆறாம் சுற்றில்தான் பிட்ஸ்பர்க் அணி தேர்ந்தெடுத்ததையோ அலசவே இல்லை. ஆட்டப் பதிவுக்காக மட்டும் சந்தா செலுத்தலாம்.