கேமெம்லீக்: சஸ்பெண்ட் கசிவைப் பிடிக்க எந்த அளவு நம்பலாம்?

லினக்ஸ் கெர்னலில் 2009ஆம் ஆண்டின் 2.6.31 பதிப்பிலிருந்தே இருக்கும் மெமரி கசிவு (வாங்கிய மெமரியை விடுவிக்க மறப்பது) கண்டுபிடிப்பான் கேமெம்லீக். மெஷினைத் தூங்கவைக்கும் சஸ்பெண்ட் கோடில் கைவைப்பவர்கள் இதை இயக்காமல் பேட்ச் அனுப்பவே கூடாது. லேப்டாப்பை யாரும் இப்போது ஷட்டவுன் செய்வதில்லை. மூடியை ஒவ்வொரு முறை மூடும்போதும் கசிகிற மெமரித் துண்டு, ரீபூட் வரை திரும்பி வராது.

கெர்னல் கான்ஃபிக்கில் கேமெம்லீக், பிஎம் டீபக் (பவர் மேனேஜ்மென்ட் சோதனை வசதி) இரண்டும் இயங்க வேண்டும். கேமெம்லீக் கோப்பில் முதலில் 'ஸ்கேன்', அடுத்து 'கிளியர்' என எழுதுங்கள். ஏற்கெனவே அறிக்கையில் வந்தவற்றை மட்டுமே கிளியர் ஒதுக்கும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. பிறகு பிஎம்_டெஸ்ட் கோப்பில் 'டிவைசஸ்' என எழுதி சஸ்பெண்ட் கொடுத்தால், டிரைவர்களைத் தூங்கவைத்து, 5 விநாடி காத்திருந்து, எழுப்பிவிடும். மெஷின் உண்மையில் உறங்குவதில்லை. இதன் பின் இரண்டு முறை ஸ்கேன் தேவை: புதிய ஆப்ஜெக்டுக்கு (ஒதுக்கிய மெமரித் துண்டுக்கு) முதல் ஸ்கேன் செக்சம்தான் (உள்ளடக்கம் மாறியதா என ஒப்பிட உதவும் எண்) எடுக்கும், அடுத்ததில்தான் புகார் வரும். ஒரு ஸ்கேனோடு 'கசிவே இல்லை' என்று முடிவு கட்டுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆனால் சஸ்பெண்ட் கசிவுகள் பெரும்பாலும் பிழைப் பாதையில்தான் (ஏதாவது தோற்றால் மட்டும் ஓடும் கோடில்) ஒளிந்திருக்கும். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது கேமெம்லீக்குக்குச் சொல்ல எதுவும் இருக்காது. ஆகவே மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாபைச் சேர்த்தே பயன்படுத்துங்கள். அதன் 'இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட்' அமைப்பை 'என்' ஆக்காவிட்டால் காத்திருக்கக்கூடிய சாதாரண ஜிஎஃப்பி_கெர்னல் ஒதுக்கீடு எதுவும் தோற்காது. எத்தனையாவது ஒதுக்கீடு தோற்க வேண்டும் எனச் சொல்லும் 'ஃபெயில்-என்த்' எண்ணை 1லிருந்து ஏற்றிக்கொண்டே போய், அதை எழுதிய அதே ப்ராசஸிலிருந்தே சஸ்பெண்ட் கொடுங்கள். டிரைவர்களை இணையாக இயக்கும் பிஎம்_அசிங்கை 0 ஆக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் டிரைவர் வேலை வேறு த்ரெட்டுக்குப் போய்விடும், செயற்கைத் தோல்வி அங்கே எட்டாது.

அறிக்கையில் வரும் பேக்ட்ரேஸ் (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசை), ஒதுக்கிய இடத்தைக் காட்டும். விடுவிக்க மறந்த இடத்தை நாம்தான் தேட வேண்டும். உதாரணத்துக்கு, ஹைபர்னேட்டில் (மெமரியை டிஸ்கில் எழுதிவிட்டு அணைப்பதில்) மெமரிப் பக்கங்களைக் குறித்துவைக்க இரண்டு பிட்மேப் உருவாக்கும் ஃபங்ஷனைப் பாருங்கள். இரண்டாவது பிட்மேப் உருவாகாமல் தோற்றால், அது தன் பக்கங்களைத் தானே விடுவித்துவிடும். நாம் விடுவிக்க மிச்சம் இரண்டாவது பிட்மேப்பின் ஸ்ட்ரக்ட் (அதன் விவரங்களை வைத்திருக்கும் அமைப்பு), முதல் பிட்மேப்பின் பக்கங்கள், முதல் ஸ்ட்ரக்ட். இதே வரிசையில் கோட்டூ லேபிள்கள் (பிழை வந்தால் தாவிச் செல்லும் இடங்கள்) கீழிறங்க வேண்டும். முதல் ஸ்ட்ரக்டை முந்திக்கொண்டு விடுவித்தால் கசிவு போய், அதைவிட மோசமான யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த மெமரியைத் திரும்பத் தொடுவது) வந்து உட்காரும். அதை கேமெம்லீக் காட்டாது, தவறான மெமரி அணுகலைப் பிடிக்கும் கேசன் காட்டும்.

கருவியின் பெருங்குறையும் இதே ஃபங்ஷனில் தெரியும். கேமெம்லீக் கண்காணிப்பது ஸ்லாப், விமல்லாக் போன்ற ஒதுக்கீட்டு வழிகளில் வாங்கிய மெமரியை. பக்கமாக நேரடியாக வாங்கிய மெமரி அதன் கணக்கில் வராது. அந்த இரண்டு ஸ்ட்ரக்டுகளும் கசிந்தால் மாட்டும், பிட்மேப் பக்கங்கள் கசிந்தால் மாட்டாது. ஹைபர்னேட் பக்கம் வேலை செய்தால் ஒவ்வொரு பக்கத்தையும் யார் வாங்கினார் எனக் குறித்துவைக்கும் பேஜ் ஓனரையும் பூட்டிலேயே இயக்கி, சோதனைக்கு முன்னும் பின்னும் எடுத்த பட்டியல்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.